கல்லாக உறைந்த காளான் படுக்கை: குளிர்காலத்தில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது கனடாவில், டொரண்டோவுக்குக் கிழக்கே. வீட்டுக்குப் பின்னால் வேலியோரமாக மரச்சீவல் கொட்டி, ஒயின் கேப் என்ற சிவப்புத் தொப்பிக் காளான் வளர்க்கிற ஒரு படுக்கை இருக்கிறது. சீடர் மர நிழலில், துளையிட்டு ஷிட்டாகே காளான் வித்து (பூஞ்சை படர்ந்த மரத்தூள் மாதிரி) போட்ட ஓக் கட்டைகள் கிடக்கின்றன. நவம்பர் வந்து முதல் பனி விழுந்ததும் தெரிந்தவர்களிடமிருந்து ஃபோன் வர ஆரம்பித்துவிடும். இந்த வருடம்தான் வித்து போட்டோம், இப்போது மண்வெட்டி கூட இறங்கவில்லை, போட்ட காசெல்லாம் போச்சா என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

தரையே உறைந்துவிட்டது, உள்ளே இருக்கிற பூஞ்சை உயிரோடு இருக்குமா?

இருக்கும். இந்த ஊருக்குப் பொருத்தமான வகையாக இருந்து, படுக்கைக்குள் நன்றாகப் பரவியும் இருந்தால், மைனஸ் 20, 25 டிகிரி என்பது அதற்குப் புதிது அல்ல.

நாம் காளான் என்று பறிப்பது பழம் மாதிரி. மரம் என்று சொல்ல வேண்டியது மைசீலியம், அதாவது மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பின்னிக் கிடக்கிற வெள்ளைப் பூஞ்சை இழைகள். பழம் ஒரே இரவு உறைபனியில் அழுகிப் போகலாம், மரம் அப்படியே இருக்கும்.

எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டால் நான் சொல்கிற உதாரணம் மிச்சிகனின் வடக்கே கிரிஸ்டல் ஃபால்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் இருக்கிறது. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் 1992ல் அங்கே ஆர்மிலேரியா என்ற பூஞ்சையைப் பற்றி எழுதினார்கள். சுமார் 15 ஹெக்டேர் நிலத்தடியில் பரவியிருப்பது ஒரே ஓர் உயிர், வயது குறைந்தது 1,500 என்று அப்போது கணக்கிட்டார்கள். பிறகு திரும்பப் போய் அளந்தபோது வயது 2,500 பக்கம் வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மல்யூர் காட்டில் இதன் உறவுக்காரப் பூஞ்சை ஒன்று சுமார் 2,385 ஏக்கருக்குப் பரவியிருக்கிறது. இரண்டுமே வருடா வருடம் பனி மூடுகிற இடங்கள். ஆயிரம் தடவைக்கு மேல் உறைந்து இளகிய உடம்பு அது.

தண்ணீர் உறைந்தால் செல் கிழிந்துவிடும் என்றுதானே படித்தோம், இது மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

படித்தது சரிதான். ஆனால் கிழிவது ஐஸ் செல்லுக்குள்ளே உருவானால். தோட்டத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு.

மரச்சீவலுக்கு இடையில் தேங்கியிருக்கும் தண்ணீரில் கரைந்திருப்பது கொஞ்சம், அதனால் அதுதான் முதலில் உறையும். இழைக்குள் இருக்கிற தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் புரதமும் கரைந்திருப்பதால் அது இன்னும் உறையாமல் இருக்கும். இப்போது வெளியே ஐஸ், உள்ளே திரவம். ஐஸுக்கு ஒரு குணம் உண்டு, பக்கத்தில் இருக்கிற திரவத் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான், அதனால் உள்ளே இருக்கிற தண்ணீர் சட்டென்று வெளியேறிவிடுகிறது. செல் சுருங்கும், உள்ளே மிஞ்சுவது கெட்டிப் பாகு. வெல்லப்பாகைக் கெட்டியாகக் காய்ச்சி ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள், தண்ணீர் மாதிரி கட்டியாகாது, பிசுபிசுவென்று இழுபடும். இழைக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்படியென்றால் உறைவது என்பது அந்தச் செல்லைப் பொறுத்தவரை காய்வது. குளிரைத் தாங்குகிற பூஞ்சை உண்மையில் தாங்குவது ஒரு வறட்சியை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்லப்போகிற பாதி விஷயங்கள் தானாகப் புரிந்துவிடும்.

காய்ந்த செல் சாகாமல் இருக்க டிரெஹலோஸ் என்ற சர்க்கரை உதவுகிறது. இதற்கு மைக்கோஸ் என்று ஒரு பழைய பெயரும் உண்டு, பூஞ்சையில் இருக்கிற சர்க்கரை என்பதால் வந்த பெயர். தண்ணீர் போன இடத்தில் இது போய் உட்கார்ந்து, செல்லின் சவ்வும் புரதங்களும் உருக்குலையாமல் பிடித்துக்கொள்கிறது. கூடவே மேனிடால், அராபிடால், கிளிசரால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள். இலையுதிர் காலத்தில் நாள் குளிரக் குளிர இவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். காய்ந்த ஷிட்டாகேயை ஊறவைத்த தண்ணீரில் ஒரு மெல்லிய இனிப்பு தெரியும் இல்லையா, அதில் இந்தச் சர்க்கரைகளுக்குப் பங்கு உண்டு.

அடுத்தது சவ்வு. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது, குளிரில் அது விறைத்தால் எதுவும் உள்ளே போகாது, வெளியே வராது. ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் அப்படியே ஓடும். நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் மாதிரியான உறையாத கொழுப்பு அதிகம். பூஞ்சையின் சவ்விலும் அதே லினோலெயிக் அமிலம் நிறைய இருக்கிறது, குளிர் கூடக்கூடப் பல பூஞ்சைகள் அந்தப் பங்கை ஏற்றிக்கொள்கின்றன.

அப்புறம், சில செல்கள் செத்தால்தான் என்ன? இழை என்பது நீளமான குழாய், நடுநடுவே தடுப்புச் சுவர், சுவரில் சின்னத் துளை. ஒரு அறை வெடித்தால் அந்தத் துளை உடனே அடைபட்டுவிடும். வரப்பு உடைந்த வயலுக்குத் தண்ணீர் வீணாகப் போகாமல் மடையை அடைக்கிற மாதிரி. பக்கத்து அறை பிழைத்துக்கொள்ளும். வசந்தத்தில் அங்கிருந்து புது இழை கிளைக்கும். நமக்குத் தேவை படுக்கை முழுக்கத் தப்பிப்பது அல்ல, அங்கங்கே கொஞ்சம் தப்பித்தாலே போதும்.

ஐஸ் உருவாவதையே தடுக்கிற புரதம் இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் அது தடுப்பது ஐஸ் பெரிதாவதை. ஐஸ் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அது வளர்ந்து கூரான ஊசியாகாமல் பார்த்துக்கொள்ளும். சிப்பிக் காளானிலும், குளிரில் பூக்கிற எனோகி என்ற காளான் இனத்திலும் இந்தக் குணம் கண்டறியப்பட்டிருக்கிறது. இதில் பெயர் பெற்றது டைஃபுலா இஷிகாரியென்சிஸ் என்ற பனிப்பூசணம், ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலிருக்கும் இஷிகாரியின் பெயரைத் தாங்கியது. பனிக்கு அடியில் கோதுமைப் பயிரையும் புல்லையும் தின்று வாழ்கிறது. உறைநிலையிலேயே வேலை செய்ய வேண்டிய பூஞ்சை என்பதால் இந்தப் புரதத்தைத் தன்னைச் சுற்றி வெளியிலும் கசியவிடுகிறது. இங்கே ஏப்ரலில் பனி உருகியதும் புல்தரையில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடக்குமே, அது இந்த வகைப் பூசணத்தின் வேலை.

வெளியே மைனஸ் 25ஐத் தாங்குகிறது, அப்படியானால் மீதி வித்தை ஃப்ரீசரில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். இது ரொம்பப் பேர் செய்கிற தவறு, நியாயமாகத் தோன்றுகிற தவறும்கூட.

தோட்டத்தில் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை குளிர் படிப்படியாக ஏறுகிறது, பூஞ்சை சர்க்கரை சேர்த்துத் தயாராகிறது. வித்துப் பையோ 20 டிகிரி அறையில் கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தது, அதைத் தூக்கி மைனஸ் 18ல் போட்டால் தயாராக நேரம் ஏது? வேகமாகக் குளிரும்போது செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறுவதற்குள் உள்ளேயே ஐஸ் உருவாகிவிடும். போதாததற்கு, இப்போதைய ஃப்ரிட்ஜுகள் உள்ளே ஐஸ் படியாமலிருக்க அவ்வப்போது தாமாகவே கொஞ்சம் சூடாகித் திரும்பக் குளிரும். ஒவ்வொரு தடவையும் சின்ன ஐஸ் துகள்கள் சேர்ந்து பெரிய துகளாகும், அவைதான் சவ்வைக் குத்துகின்றன.

ஆய்வுக்கூடங்களில் பூஞ்சையை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள், உண்மை. ஆனால் அங்கே கிளிசரால் கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் இறக்குகிறார்கள். வீட்டில் அது முடியாது. வித்தை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 2 முதல் 4 டிகிரியில் வையுங்கள், சில மாதம் தாங்கும்.

பனி மேலே மூடிக்கிடக்கிறது, அள்ளிவிட வேண்டுமா?

தயவுசெய்து அள்ளாதீர்கள். புதுப் பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான், பஞ்சு மெத்தை மாதிரி. ஓர் அடி கனத்துக்குப் பனி இருந்தால் மேலே காற்று மைனஸ் 20 என்றாலும் அடியில் தரை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நான் நடைபாதையிலிருந்து வழிக்கிற பனியைப் படுக்கை மேலேயே கொட்டுகிறேன்.

ஒன்றே ஒன்று, உப்புப் போட்ட இடத்துப் பனி வேண்டாம். கார் நிறுத்துகிற இடம், தெருவோரம், வாசற்படி இங்கேயெல்லாம் உப்புத் தூவியிருப்போம், அந்தப் பனி உருகி இறங்கினால் இழை கருகிவிடும். குளிர் செய்யாததை உப்பு செய்துவிடும்.

பனியே விழாமல் வெறும் குளிர் மட்டும் அடிக்கிற வருடங்கள்தான் எனக்குக் கவலை. அந்த மாதிரி டிசம்பரில் படுக்கை மேல் அரையடிக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பிவிடுவேன்.

உறைந்திருக்கும்போது அது தூங்குகிறதா, வேலை செய்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கட்டி உறைந்த மைனஸ் 20ல் கிட்டத்தட்ட எதுவும் நடக்காது, நின்றுவிடும். ஆனால் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே, மண் துகளையும் மரநாரையும் ஒட்டி மெல்லிய படலமாகத் தண்ணீர் உறையாமலே இருக்கும். அது போதும், மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும்.

கொலராடோ மலைகளில் நிவாட் ரிட்ஜ் என்ற உயரமான இடத்து மண்ணைச் சோதித்து 2003ல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் அளவு வருடத்திலேயே உச்சத்தைத் தொடுவது கோடையில் அல்ல, குளிர்காலத்தின் கடைசியில், பனிக்கு அடியில், அதில் பெரும்பங்கு பூஞ்சை என்று தெரிந்தது. வெளியே உயிரே இல்லை என்று நாம் நினைக்கிற நேரத்தில் அடியில் விருந்து நடந்துகொண்டிருக்கிறது.

கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் முடிப்பனி என்று ஒன்று இருக்கிறது. ஈரமான, பட்டை உரிந்த பட்டுப்போன கிளையிலிருந்து, குளிர் பூஜ்யத்துக்குச் சற்றே கீழே இருக்கும் இரவில், வெள்ளை முடி மாதிரி ஐஸ் இழை இழையாக வளர்ந்து சுருண்டு நிற்கும். ஒவ்வொரு முடியும் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தடிமன்தான் இருக்கும், வாரிவிட்ட மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே ஆல்ஃபிரட் வேகனர்தான் 1918ல் இதற்குக் காரணம் ஒரு பூஞ்சையாக இருக்க வேண்டும் என்று எழுதினார். 2015ல்தான் அது எக்சிடியாப்சிஸ் எஃப்யூசா என்ற பூஞ்சை என்று உறுதியானது. மரத்தைத் தின்று அது வெளிவிடும் பொருள்கள் ஐஸ் முடிகள் ஒன்றுசேர்ந்து கட்டியாகாமல் தடுக்கின்றன. வெந்நீரில் முக்கிப் பூஞ்சையைக் கொன்றுவிட்டால் அந்தக் கிளையில் முடி வளர்வதில்லை.

அப்படியானால் குளிர்காலத்தில் என் கட்டைகள் செத்தது எதனால்?

பெரும்பாலும் காய்ந்துதான். நானும் அப்படித்தான் இழந்தேன். இரண்டாவது வருடம், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஐந்து கட்டைகளை வீட்டின் தெற்குச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தேன். மார்ச்சில் போய்ப் பார்த்தபோது கட்டையின் இரண்டு முனைகளிலும் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு, தூக்கினால் கை லேசாக மேலே போனது, பட்டை விரல் நகம் பட்டதும் தகடாக உரிந்து வந்தது. உள்ளே இழை இருந்த தடம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அதே நாளில் வித்து போட்டு சீடர் நிழலில் தரையோடு கிடந்த மற்றக் கட்டைகள் அந்த மே மாதமே காய்த்தன. அதே குளிர், அதே வித்து.

இங்கே குளிர்காலத்தில் மைனஸ் 10ல் துணியைக் கொடியில் போட்டால் முதலில் பலகை மாதிரி விறைத்துப் போகும், பிறகு உருகாமலேயே காய்ந்துவிடும். ஐஸ் நேராக ஆவியாகிறது. கட்டைக்கும் அதே கதி, ஜனவரிக் காற்றும் தெற்கு வெயிலும் சேர்ந்தால் மாதக்கணக்கில் ஈரம் போய்க்கொண்டே இருக்கும், உறைந்த கட்டை தண்ணீரைத் திரும்ப உறிஞ்சவும் முடியாது. ஷிட்டாகே கட்டையில் ஈரம் 35 முதல் 45 சதவீதம் இருக்க வேண்டும், 30க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

இன்னொன்று, பகலில் இளகி இரவில் உறைவது. தெற்கு வெயிலில் நிற்கிற கட்டையின் பட்டை பிப்ரவரியிலேயே மதியம் சூடாகிவிடும், பூஞ்சை விழித்துக்கொண்டு சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்க ஆரம்பிக்கும், சாயங்காலம் திரும்ப மைனஸ் 15. ஒரே சீராக மைனஸ் 20ல் கிடப்பதைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் கொடுமை.

சரி, கட்டைகளை எப்படி வைப்பது?

படுக்கப் போடுங்கள். தரையோடு, நிழலில், காற்று அடிக்காத பக்கம். நேராக மண்ணில் படாமல் அடியில் இரண்டு குச்சி போட்டால் நல்லது, மற்ற பூசணங்கள் மண்ணிலிருந்து ஏறாது. மேலே சாக்கோ நிழல்வலையோ போடலாம். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவது வேண்டாம், வெயில் நாளில் உள்ளே வெந்துவிடும், ஈரம் தேங்கிப் பச்சைப் பூசணம் பிடிக்கும்.

அக்டோபரோடு கட்டைகளைத் தண்ணீரில் முக்கிக் காய்க்க வைப்பதை நிறுத்திவிடுங்கள். காய்த்துக் களைத்த பூஞ்சைக்குக் குளிருக்கு முன் சேமிக்க நேரம் வேண்டும். மழையே இல்லாத இலையுதிர் காலம் என்றால் மட்டும் நவம்பருக்கு முன் ஒருமுறை நன்றாக நனைத்துவிடுங்கள்.

வித்து போட ஏற்ற காலம் வசந்தம். ஏப்ரல், மே மாதம் போட்டால் டிசம்பருக்குள் கட்டைக்குள் நன்றாக இறங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் போட்டு, துளையை விட்டு வெளியே வராத வித்து கடும் குளிரில் தப்புவது கஷ்டம். அப்படிப் போட்டுவிட்டால் அந்த முதல் குளிர்காலம் மட்டும் சூடில்லாத கராஜிலோ நிலவறையிலோ வைத்து எடுங்கள்.

மரச்சீவல் படுக்கைக்கு எவ்வளவு கனம் வேண்டும்?

குளிர்காலத்துக்குள் போகும்போது அரையடியாவது, முடிந்தால் முக்கால் அடி. கனமான, ஈரமான படுக்கை மெதுவாகக் குளிரும். ஒரு கிலோ தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறையும்போது வெளிவிடுகிற வெப்பம், அதே ஒரு கிலோவைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரைக்கும் சூடாக்கப் போதுமானது. படுக்கையில் 50 கிலோ தண்ணீர் இருந்தால் அது முழுக்க உறைவதற்குள் எவ்வளவு வெப்பம் வெளியே போக வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் படுக்கையின் உள்பக்கம் நாட்கணக்கில் பூஜ்யத்திலேயே நிற்கும், பூஞ்சைக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

கடைசியில் அதுவும் உறையும். டொரண்டோவில் வீட்டுக்குப் பின்னால் டெக் கட்டியவர்களுக்குத் தெரியும், தூணுக்கு நாலு அடி ஆழம் தோண்டச் சொல்வார்கள், உறைபனி அவ்வளவு ஆழம் இறங்கலாம் என்ற கணக்கு. ஆகவே ஆழத்தில் புதைத்துக் காப்பாற்றுகிற யோசனையே வேண்டாம். ஒயின் கேப் உறைந்து பழகியது, தடித்த வெள்ளைக் கயிறு மாதிரி இழைகளை ஒன்றாகத் திரித்துக்கொள்ளும், வருடா வருடம் புதுச் சீவல் கொட்டினால் திரும்பத் திரும்ப வரும். படுக்கை போடுவதானால் தரை உறைவதற்கு ஆறு வாரமாவது முன்னால் போட்டுவிடுங்கள்.

வாளியிலும் பையிலும் வளர்க்கிறோமே, அதை வெளியே விடலாமா?

வாளிக்குக் கீழே தரை இல்லை, நாலு பக்கமும் காற்று. ஒரே இரவில் நடுவரைக்கும் உறைந்து, வெயில் வந்தால் மதியத்துக்குள் இளகிவிடும். வீட்டுச் சுவரோரம் நிழலில் மண்ணில் பாதி புதைத்து, சுற்றி இலை அணைத்து வைத்தால் சிப்பிக் காளான் தப்பலாம். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை அக்டோபரிலேயே மரச்சீவல் படுக்கையில் உதிர்த்துக் கலந்துவிடுங்கள், அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஊரில் வளர்த்த பால் காளானை இங்கே பின்பக்கம் போட்டால் அடுத்த வருடம் வருமா?

வராது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, வராது என்று சொல்ல எனக்கே மனசில்லை. பால் காளான் 30 முதல் 35 டிகிரி கேட்கிற வகை, நம் ஊர் வெயிலுக்காகவே பிறந்தது. அதன் உடம்பில் உறைபனிக்கான ஏற்பாடு இல்லை. கோடையில் ஜூலை, ஆகஸ்டில் பெட்டியில் வைத்து வளர்த்து எடுக்கலாம், அதோடு சரி.

வைக்கோல் காளான் இன்னும் மோசம். அதற்கு உறைய வேண்டியதே இல்லை, ஃப்ரிட்ஜின் 4 டிகிரியே போதும், செல்கள் தங்களைத் தாங்களே கரைத்துக்கொண்டு சில நாளில் செத்துவிடும். அதன் வித்தை 15 டிகிரிக்குக் கீழே விடக்கூடாது. இளஞ்சிவப்புச் சிப்பிக் காளானும் வெப்பநாட்டு வகைதான், குளிர் ஆகாது. சிப்பிக் காளான் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் நீலச் சிப்பி குளிர்நாட்டுக்காரன், முதல் உறைபனி விழுந்த பிறகும் காய்க்கும். வித்து வாங்கும்போது பெயரின் பின்பாதியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

குளிர் அதற்குத் தேவையா, அல்லது சும்மா தாங்கிக்கொள்கிறதா?

சிலவற்றுக்குத் தேவை. ஷிட்டாகே கட்டையைக் கோடையில் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நாள் முக்குவதே ஒரு குட்டிக் குளிர்காலத்தைக் காட்டி ஏமாற்றத்தான். காட்டில் வசந்தத்தில் வருகிற மோரல் காளான், ஸ்கிளரோஷியம் என்ற கடினமான முடிச்சுகளாக உணவைக் கட்டிவைத்துக் குளிரைக் கடந்து, மண் சூடாகும்போது அதிலிருந்து எழும்புகிறது. வித்து போட்ட முதல் வருடம் ஒன்றுமே காய்க்காத கட்டை, ஒரு குளிர்காலம் கடந்ததும் மே மழையில் பொத்துக்கொண்டு வருவது இங்கே சாதாரணம்.

பனிக்காலத்தில் முளைத்த காளானைச் சாப்பிடலாமா?

நீங்களே வித்து போட்ட கட்டையில், உங்களுக்குத் தெரிந்த காளான், உறைந்த நிலையிலேயே பறித்து நேராகச் சட்டியில் போட்டால் சாப்பிடலாம். பல தடவை உறைந்து இளகிக் கொழகொழப்பாகி வாசம் மாறியிருந்தால் வேண்டாம்.

காட்டில் பார்த்ததை எடுப்பது வேறு விஷயம். கடையில் வெள்ளை நூல் கட்டாக விற்கிற எனோகியின் காட்டு உறவு ஒன்று, ஆரஞ்சுப் பழுப்புத் தொப்பியும் வெல்வெட் மாதிரி கருத்த காம்பும் கொண்டது, டிசம்பரில்கூட மரத்தில் வரும், உறைந்து இளகினாலும் திரும்ப வித்துப் பொடி உதிர்க்கும். அதே மாதிரி மரத்தில், அதே காலத்தில், அதே நிறத்தில் காலெரினா மார்ஜினேட்டா என்று இன்னொன்று வரும், அது ஈரலை அழித்து ஆளைக் கொல்லும். தொப்பியைக் காகிதத்தில் ஒரு இரவு கவிழ்த்து வைத்தால் முதலாவதற்கு வெள்ளைப் பொடி படியும், இரண்டாவதற்குத் துருப் பழுப்பு. ஆனால் இதை ஒன்றை மட்டும் நம்பி எடுக்காதீர்கள், விஷயம் தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் காட்டுக் காளான் வேண்டவே வேண்டாம்.

ஏப்ரல் வந்துவிட்டது, ஒன்றுமே தெரியவில்லை. கலைத்துவிடவா?

கொஞ்சம் பொறுங்கள். காற்று 15 டிகிரி காட்டினாலும் படுக்கைக்குள் இன்னும் 4, 5 டிகிரிதான் இருக்கும். மண் 10 டிகிரியைத் தாண்டி இரண்டு மூன்று வாரம் போகட்டும்.

பிறகு கையால் ஒரு மூலையில் மேல்சீவலை விலக்குங்கள். மேலே இரண்டு அங்குலம் காய்ந்து சாம்பல் பூத்திருக்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதற்குக் கீழே ஈரமான இருட்டுச் சீவலில் தேடுங்கள், இரண்டு சீவல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். உயிர் இருந்தால் நடுவில் வெள்ளை நூல் இழுபட்டு நிற்கும், மூக்கருகே கொண்டுபோனால் மழை பெய்த மண் வாசம். பச்சைப் பொடியும் புளித்த நாற்றமும் இருந்தால் அந்த இடத்தை மட்டும் அள்ளி எறியுங்கள். போன வருடம் என் படுக்கையில் மூன்று இடத்தில் விலக்கியும் ஒன்றும் இல்லை. நாலாவது இடத்தில், ஒரு மேப்பிள் கட்டைத்துண்டின் அடிவயிற்றில், பூணூல் கனத்துக்கு ஒரே ஒரு வெள்ளைக் கயிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் இரண்டு வாளி புதுச் சீவல் கொட்டித் தண்ணீர் விட்டேன், ஜூன் இரண்டாவது வாரம் சிவப்புத் தொப்பிகள் வந்துவிட்டன.